நூற்றில் ஓர் அரிசி

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் தெருவில் இன்னும் ஓயவில்லை. அது பிளாஸ்டிக் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களை ‘விழிப்புணர்வு இல்லாத மக்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது கோபம்தான் வருகிறது. நாற்பது வருஷமாக அரிசியைக் கையால் அளைந்து, கல் பொறுக்கி, களைந்து, உலையில் போடும் ஒருவர் ‘இந்த அரிசி சரியில்லை’ என்றால் அவர் எதையோ பார்த்திருக்கிறார். எதைப் பார்த்தார் என்று கேட்காமல் துண்டறிக்கை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

விவரம் இதுதான். செறிவூட்டப்பட்ட அரிசி என்று ஒன்று சில வருஷங்களுக்கு முன்பு ரேஷன் கடைகளில் வர ஆரம்பித்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் இதை அறிவித்தார். 2024-க்குள் ரேஷன், சத்துணவு, அங்கன்வாடி எல்லாவற்றிலும் இந்த அரிசியே போக வேண்டும் என்பது திட்டம். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே திருச்சி மாவட்டத்தில் சோதனையாகக் கொடுத்துப் பார்த்தார்கள், 2023-இல் மாநிலம் முழுக்க வந்தது. ரத்தசோகைதான் காரணம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. நாட்டளவில் 57 சதவீதம். எல்லோரும் தினமும் சாப்பிடுவது சோறு, எனவே சோற்றிலேயே இரும்புச்சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் பி12-ஐயும் வைத்துவிடலாம் என்பது யோசனை.

வைப்பது எப்படி? இங்கேதான் வடிவமைப்பு என்ற விஷயம் வருகிறது. அரிசியை அரைத்து மாவாக்குகிறார்கள். பெரும்பாலும் நொய்தான் அதற்குப் போகிறது. அந்த மாவில் சத்துப்பொடியைக் கலந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, சூட்டோடு ஒரு எந்திரத்துக்குள் அழுத்தி, அச்சு வழியாகப் பிழிந்து, அரிசி நீளத்துக்கு வெட்டி, உலர்த்துகிறார்கள். இப்படிச் செய்த அரிசியில் ஒரு கிலோவை நூறு கிலோ சாதாரண அரிசியோடு மில்லிலேயே கலந்து மூட்டை பிடிக்கிறார்கள். ஒரு கைப்பிடி அரிசியில் இருபது, இருபத்தைந்து மணி இந்த வகையாக இருக்கும்.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் சுளகில் ரேஷன் அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஓரமாக ஒரு சிறு குவியல், பொறுக்கி எடுத்தது.

“இங்க பாருங்க தம்பி, இதுக்கு மூக்கே இல்ல.”

உண்மைதான். நெல்லில் விளைந்த அரிசிக்கு ஒரு முனையில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கும், முளை இருந்து உதிர்ந்த இடம். நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும். அவர் பொறுக்கிய மணிகளில் அந்தப் பள்ளமும் இல்லை, வரியும் இல்லை. இரண்டு முனையும் மழுங்கல். ரேஷன் புழுங்கல் அரிசி லேசான மஞ்சளாகக் கண்ணாடிபோல இருக்க, இவை வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல், மேலே தடவினால் வழவழவென்று இருந்தன.

“நெல்லுல வௌஞ்சதுன்னா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்குமா? இது எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. தண்ணில போட்டா மெதக்குது வேற.”

அச்சில் வார்த்தது என்பதை அவர் யாரும் சொல்லாமல் கண்டுபிடித்துவிட்டார். அச்சில் வார்ப்பது என்றால் நமக்குத் தெரிந்த பொருள் பிளாஸ்டிக், அதனால் பிளாஸ்டிக் என்று முடிவு செய்தார். பார்த்தது சரி, முடிவு மட்டும்தான் தவறு. அந்த முடிவுக்கும் வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் இருந்தது. சீனாவிலிருந்து பிளாஸ்டிக் அரிசி வருகிறது என்ற வதந்தி அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. 2017-இல் ஹைதராபாத் பக்கம் அது பெரிய பரபரப்பானது. அந்தப் பயம் ஊறியிருந்த மண்ணில்தான், நூற்றில் ஒன்று மட்டும் வித்தியாசமாக இருக்கும் அரிசியை சரியான அறிமுகம் இல்லாமல் கொண்டுவந்து இறக்கினார்கள்.

மிதப்பது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு மிதப்பது என்றால் என்ன அர்த்தம் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். விதைநெல்லை உப்புக்கரைசலில் போட்டு, மிதக்கும் பதரை அள்ளி வெளியே போட்டுவிட்டுத்தான் நாற்றங்காலுக்குப் போவார்கள். பயறானாலும் மிதந்தால் சொத்தை. அரிசி களையும்போது முதல் தண்ணீரில் மேலே வருவது உமி, தூசு, வண்டு. அவற்றைச் சாய்த்துக் கொட்டுவதுதான் களைவது. அச்சில் பிழிந்த அரிசிக்கு உள்ளே நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் சில மணிகள் மிதக்கின்றன. அதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை அதை எப்படிப் பாத்திரத்துக்குள் விட்டுவைக்கும்?

இந்தத் திட்டத்தின் சிக்கலே இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சத்து முழுவதையும் அந்த நூற்றில் ஒரு மணியில் வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ கலவை அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. திட்டம் சேர்க்கும் அந்த இரும்பு மொத்தமும் அந்தப் பத்து கிராம் மணிகளுக்குள் இருக்கிறது. அதே மணிகளைத்தான் நம் சமையலறைக் கண்ணும் கையும் வெளியே எறியப் பழகியிருக்கின்றன. அக்காவின் சுளகு ஓரத்தில் இருந்த சின்னக் குவியல்தான் டெல்லியிலிருந்து கிளம்பி வந்த மொத்தத் திட்டம். மிச்சமிருந்தது வெறும் அரிசி.

நான் மெடிக்கலில் அயோடின் டிங்சர் வாங்கி வந்து, அவர் பொறுக்கிய மணிகளில் நாலைந்தை நசுக்கி ஒரு சொட்டு விட்டேன். கருநீலமானது. சாதாரண அரிசியிலும் அதே நிறம். பால் கவர் துண்டில் விட்டபோது ஒன்றும் ஆகவில்லை. ஊறிய மணியை விரலால் தேய்த்தால் மாவாகக் கரைந்தது. அக்கா கொஞ்ச நேரம் அதையே தேய்த்துப் பார்த்தார்.

“சரி, பிளாஸ்டிக் இல்ல. மாவுதான். அரிசிய மாவாக்கி மறுபடி எதுக்குத் தம்பி அரிசியாக்கணும்?”

இதைவிட நல்ல கேள்வியை இந்த விஷயத்தில் நான் யாரிடமிருந்தும் கேட்டதில்லை. சத்துப்பொடியை அரிசிமேல் தூவிவிட்டால் போதாதா? அமெரிக்காவில் அப்படிச் செய்வதுண்டு. அங்கே அந்தப் பாக்கெட்டுகளில் ‘களையாதீர்கள், கஞ்சி வடிக்காதீர்கள்’ என்று அச்சடித்திருப்பார்கள். நம் வீடுகளில் மூன்று தண்ணீரில் களையாமல் அரிசி உலைக்குப் போகாது, வடிக்கிற வீடுகளும் ஏராளம். தூவிய சத்து கழுநீர்த் தொட்டிக்குப் போய் மாட்டுக்குத்தான் சேரும். அதனால்தான் சத்தை மணிக்கு உள்ளேயே பூட்டி வைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். வடிவமைத்தவர்கள் நம் பழக்கத்தை யோசித்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கழுவுவதை யோசித்தவர்கள் பொறுக்குவதை யோசிக்கவில்லை.

நிறத்தையும் யோசித்திருக்கிறார்கள். உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும் இரும்பு ஃபெரஸ் சல்பேட். அதை அரிசியில் போட்டால் மணி கறுக்கும், ருசியும் மாறும். அதனால் ஃபெரிக் பைரோபாஸ்பேட் என்ற வெள்ளைப்பொடியைப் போடுகிறார்கள். அது உடலில் அவ்வளவு சுலபமாகச் சேராது. சேர்வதற்காகச் சிட்ரிக் அமிலமும் சோடியம் சிட்ரேட்டும் கூட்டிப் பார்க்கிறார்கள். கண்ணுக்காக வயிறு விட்டுக்கொடுத்திருக்கிறது. இதில் பிழை சொல்ல முடியாது, ஏனென்றால் கண் ஏற்காதது வயிற்றுக்கே போகாது. இதற்குப் பழைய சாட்சியும் இருக்கிறது. அமெரிக்காவில் செறிவூட்டிய அரிசிக்கு விதி எழுதியபோது ரிபோஃப்ளேவின் என்ற பி2 சேர்ப்பதை நிறுத்திவைத்துவிட்டார்கள். அது அரிசியை மஞ்சளாக்கும், மஞ்சள் மணியை யாரும் விரும்ப மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

அரிசியில் சத்து சேர்க்கும் இந்த வேலையின் ஆரம்பத்தில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். ராபர்ட் வில்லியம்ஸ், 1886-இல் நெல்லூரில் பிறந்தவர். நெல்லூர் அப்போது சென்னை மாகாணம். பெற்றோர் மிஷனரிகள். பிறகு மணிலாவில் வேலை பார்த்தபோது பெரிபெரி நோயாளிகளுக்காகத் தவிட்டுச் சாற்றிலிருந்து மருந்தைத் தேட ஆரம்பித்தார். அந்த மருந்துதான் தைமின் என்கிற பி1. அதை 1936-இல் செயற்கையாகச் செய்து காட்டியவர் அவர்தான். பிலிப்பைன்ஸில் பட்டான் என்ற மாகாணத்தில் 1948 வாக்கில் செறிவூட்டிய அரிசியைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைக்குப் பின்னாலும் அவர் இருந்தார். டாக்டர் ஹுவான் சல்சேடோ அதை நடத்தினார். அங்கே பெரிபெரி பெருமளவு குறைந்தது.

இந்தியாவிலும் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கியது நம் ஊரில்தான். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே அறையில் ‘பெரிபெரி விசாரணைப் பிரிவு’ என்று ஆரம்பித்தார்கள். ராபர்ட் மெக்காரிசன் அதன் தலைவர். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்த அறையிலிருந்து வளர்ந்ததுதான். சென்னை மாகாணத்தில் பெரிபெரி அதிகம் இருந்தது வடக்கே, ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள். தமிழ்ப் பகுதிகளில் அந்த நோய் அரிது, காரணம் புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கடியில், தவிட்டில் இருக்கும் பி1 தண்ணீரோடு சேர்ந்து மணிக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுக்கப் போவதில்லை.

இதை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. யாரும் சத்துக்காக நெல் அவிக்கவில்லை. அவித்தால் குத்தும்போது நொறுங்காது, சோறு உதிரியாக வரும், பழையதுக்கு நன்றாக இருக்கும், அதற்காக அவித்தார்கள். சத்து கூடவே வந்தது. எல்லா மணியிலும் வந்தது, ஒரு மணிகூடத் தனியாகத் தெரியவில்லை. ஒரு புதுச் சத்தை உணவில் சேர்க்க நினைக்கிற எவரும் முதலில் புழுங்கல் அரிசிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும் என்பேன்.

உப்பில் அயோடின் சேர்த்தபோதும் இதேதான் நடந்தது. ஒவ்வொரு கல்லிலும் அயோடின், பார்வைக்கு மாற்றமில்லை. இன்று அதை யாரும் புது உணவு என்றே நினைப்பதில்லை. அந்த உப்பிலேயே இரும்பையும் சேர்க்க முயன்றபோது மறுபடி நிறம் குறுக்கே வந்தது. இரும்பும் அயோடினும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று கெடுக்கும், சமைத்த கறியின் நிறமும் மாறும். இரும்புத் துகளுக்கு மேல் வெள்ளை உறை போட்டு மறைக்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு உப்புக் கழகம் 2014-இல் கொண்டுவந்த அம்மா உப்பில் இந்த இருசத்து உப்பும் ஒரு வகை.

புதுத் தானியம் பழைய உருவில் வந்தால் நம் ஜனம் தயங்காது என்பதற்கு உதாரணம் வெளியே தேட வேண்டாம். 1960-களில் கேர் அமைப்பு வழியாக வந்த அமெரிக்க உடைத்த கோதுமை இங்கே பள்ளிக்கூட மதிய உணவில் உப்புமாவாகத்தான் இலையில் விழுந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசி கிடைக்காதபோது பெங்களூரு எம்டிஆர் ஹோட்டல் ரவையை இட்லித்தட்டில் ஊற்றியது. சத்துணவுக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் இதைச் செய்தபோது பொருள் புதிது என்பதை மறைக்கவில்லை. பழகிய பாத்திரத்தில் வைத்துக் கொடுத்தார்கள். செறிவூட்டிய அரிசி இதற்கு நேர்மாறு. பொருள் பழையது, அதே அரிசிமாவு. ஆனால் பழையதுபோலவே இருப்பதாக நடிக்கப் போய் மாட்டிக்கொண்டது. முழுக்க அரிசிபோல இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முழுக்க வேறாக இருந்தால், ‘இது சத்து அரிசி’ என்று கையில் எடுத்துக் காட்டிக் கொடுத்திருக்கலாம். முக்கால்வாசி ஒத்துப்போவதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

கர்ட் லெவின் என்ற உளவியலாளர் இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையை நான் அடிக்கடி நினைப்பேன். நல்ல இறைச்சி போர்முனைக்குப் போனதால், அங்குள்ள குடும்பங்கள் இதயம், சிறுநீரகம் மாதிரி உள்ளுறுப்புகளைச் சமைக்க வேண்டும் என்று அரசு விரும்பியது. அவர்களுக்கு அது அருவருப்பு. சில குழுப் பெண்களுக்கு நல்ல சொற்பொழிவு கொடுத்தார்கள், சத்து, தேசபக்தி, சமையல் குறிப்பு எல்லாம் சேர்த்து. வேறு சில குழுக்களில் பெண்களையே பேசவிட்டார்கள். வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரே, சமைக்கும்போது நாற்றம் வருமே என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு, கடைசியில் யார் யார் செய்து பார்க்கிறீர்கள் என்று கை தூக்கச் சொன்னார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம்தான் அதுவரை சமைக்காத ஒன்றைச் சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். ஒரு வீட்டுக்குள் எந்த உணவு நுழையலாம் என்று வாசலில் நின்று தீர்மானிப்பவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் பேசாமல் எதுவும் நடக்காது என்றார் லெவின்.

எங்கள் தெருவில் அந்த வாசலில் நிற்பவர் எதிர்வீட்டு அக்கா. அவரிடம் யாரும் பேசவில்லை. ரேஷன் கடைச் சுவரில் ஒரு போஸ்டர் இருந்தது, அவ்வளவுதான். ஒரு கிண்ணத்தில் அந்த மணிகளை மட்டும் போட்டு எடைத்தராசு பக்கத்தில் வைத்திருந்தால், கையில் எடுத்து நசுக்கிப் பார்க்க ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தால், பாதிப் பேச்சு அங்கேயே அடங்கியிருக்கும். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்காமார்களையும் அங்கன்வாடி ஆயாக்களையும் முதலில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் மிதக்கும் விஷயம் முதல் நாளே அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கும்.

அவர் கேட்ட இன்னொரு கேள்விக்கு என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை.

“எனக்கு ரத்தம் கம்மின்னு டாக்டரம்மா சொன்னாங்க, சரி. எம்பேரனுக்கு நல்லாத்தானே இருக்கு, அவனுக்கும் இதையே போடணுமா?”

இது நியாயமான கேள்வி. தலசீமியா என்ற ரத்தநோய் உள்ளவர்களுக்கு உடலில் இரும்பு ஏறுவதே ஆபத்து. மூட்டையில் எச்சரிக்கை இருக்க வேண்டும், கொடுக்கும் இடத்தில் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. பலன் பற்றியும் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019 காக்ரேன் அறிக்கை, இரும்புச்சத்துக் குறைபாடு குறையலாம், ஆனால் ரத்தசோகை குறைவதில் பெரிய மாற்றம் இல்லாமலும் போகலாம் என்றது. ரத்தசோகைக்கு இரும்புக்குறைவு மட்டுமே காரணம் கிடையாது. நான் இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். மறைத்தால் அவர் என்னையும் போஸ்டரோடு சேர்த்துவிடுவார். பேரனுக்கு ரத்தப் பரிசோதனையில் தலசீமியா மாதிரி எதுவும் இல்லையென்றால் இந்த அளவு அவனுக்குக் கெடுதல் செய்யாது என்பது என் புரிதல், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம் என்றும் சொன்னேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் புது பிஸ்கட்டை ஒருவர் வாங்காவிட்டால் கம்பெனி அதை மாற்றும், இல்லாவிட்டால் நிறுத்தும். ரேஷன் அரிசிக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. இரண்டு மூட்டை வைத்து எது வேண்டும் என்று அட்டைதாரரை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் வாங்கினார்கள் என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று கணக்கெழுதுவது தவறு. வாங்கிய அரிசி கோழிக்கும் மாவு மில்லுக்கும் போவதை அந்தக் கணக்கு காட்டாது. பொறுக்கி எறிவது ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கும் மறுப்பு. அதை அறியாமை என்று பெயர் சொல்லாமல் மறுப்பாகவே படிக்க அரசு கற்றுக்கொள்ள வேண்டும்.

அக்கா இப்போது என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். இட்லிக்கு ஊறப்போடும்போது மிதப்பதைக் கொட்டுவதில்லை. அரைத்துவிட்டால் எந்த மணி எது என்று தெரியப்போவதில்லை, அதனால் அவருக்கு அதில் சங்கடம் இல்லை. சோற்றுக்கு மட்டும் இன்னும் பொறுக்குகிறார். காரணம் கேட்டேன். பயம் போய்விட்டதாம். மற்ற அரிசி வேகும்முன் இது குழைந்து, வடித்த சோற்றில் அங்கங்கே மாவுக்கட்டியாக நிற்கிறதாம். அவர் வீட்டுச் சோற்றை நானும் சாப்பிட்டுப் பார்த்தேன், சில மூட்டைகளில் அப்படித்தான் இருக்கிறது. எந்திரத்தில் மாவு போதிய சூட்டில் வெந்து, சரியாக உலர்ந்து வந்தால் மணி உலையில் உடையாமல் நிற்கும், புழுங்கல் அரிசியின் கண்ணாடித் தன்மையும் ஓரளவு வரும். சூடு குறைந்தால் வெள்ளையாக, மாவாக இருக்கும். அதாவது அக்கா இப்போது பொறுக்குவது தரமில்லாத மணியை. அதைச் சரிசெய்ய வேண்டியது அதைப் பிழிகிற ஆலையும், மூட்டையை வாங்கும்முன் ஒரு படி அரிசியை வடித்துப் பார்க்க வேண்டிய அதிகாரியும். வடித்துப் பார்க்க அக்காவையே கூப்பிட்டாலும் போவார். நான் கேட்டுவிட்டேன்.